போடிமெட்டுச் சரிவுக்கு இரண்டு வாசல்கள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கோ மூணாறுக்கோ போகும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டியதும் சாலை மலையைப் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகள் முடிவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறு டிகிரி குறையும். சமவெளியிலேயே அந்தக் குளிர்ச்சியைத் தேடிப் போவதென்றால் வடக்கு நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

மழையும் கூடவே மாறுகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, முகட்டைத் தாண்டி இறங்கும்போது வெறும் காற்றாகிவிடுகிறது. மலையின் முதுகுப்புறம் மழை பெறாத இந்த நிலையை மழைமறைவு என்கிறார்கள். ஜூலை மாதத்தில் உச்சியில் குடை பிடித்து நிற்பவர், கீழே போடி வெயிலில் காய்வதைப் பார்க்கலாம். அடிவாரத்தில் முள்மரமும் கள்ளியும். நடுவே பாறையும் ஆளுயரப் புல்லும், இலையுதிர்க்கும் மரங்களும். உச்சியில் ஏலக்காய்க்கு நிழல் தரும் நெடுமரங்கள். செடிகளுக்கு இத்தனை விதமான வீடுகள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ஆனால் அந்தச் சன்னல் வழியே தெரியும் பச்சையில் கணிசமான பங்கு இந்த மண்ணில் பிறந்ததே கிடையாது. சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. தேயிலைக்கு நடுவே வரிசைகட்டி நிற்கும் சில்வர் ஓக், யூகலிப்டஸ், மலைக்காரர்கள் சீகை என்று சொல்லும் வாட்டில் மரம் எல்லாம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. காபிக்குப் பூர்வீகம் எத்தியோப்பியா. பிள்ளைகள் தொட்டு விளையாடும் தொட்டாற்சுருங்கி வெப்பமண்டல அமெரிக்காவின் செடி. கையில் வெட்டுப்பட்டால் கசக்கிப் பிழிகிறோமே வெட்டுக்காயப் பூண்டு, அதுவும் அங்கிருந்து வந்ததுதான்.

இப்படி மனிதர் கைபட்டு, தெரிந்தோ தெரியாமலோ, தன் பிறந்தகத்துக்கு வெளியே வந்து சேர்ந்த செடியை அயல் தாவரம் என்கிறோம். எல்லா அயல் தாவரமும் தொல்லை தருவதில்லை. மிளகாய், தக்காளி, பப்பாளி, கொய்யா என்று போடிச் சந்தையில் விற்பதில் பாதி அயல் சரக்குதான். பல்லுயிர்ச் சூழல் குறித்த பன்னாட்டு அரசுகளுக்கிடையிலான அறிவியல் குழு 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அயல் தாவரங்களில் நூற்றுக்கு ஆறுதான் பிற உயிர்களுக்குக் கேடு விளைவிக்கும் அளவுக்குப் பரவுகின்றன. அந்த ஆறுக்கு ஆக்கிரமிப்புத் தாவரம் என்று பெயர். மீதி 94 ஒன்று தோட்டத்தோடு நின்றுவிடுகிறது, அல்லது யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக வாழ்கிறது. இந்த ஆறு மட்டும் எப்படி ஜெயிக்கின்றன என்பதில்தான் சுவாரசியமெல்லாம் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி எழும். ஒரு செடி இங்கே எப்போது வந்தது என்று எப்படித் தெரியும்? செடிக்குக் கடவுச்சீட்டு கிடையாது. ஆனால் அதற்கு நிகரான ஒன்று உண்டு. தாவரவியலாளர்கள் காட்டில் பறித்த கிளையைத் தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்தி, அட்டையில் ஒட்டி, இடம், நாள், உயரம் எழுதி வைக்கிறார்கள். இப்படிச் சேர்ந்த உலர்தாவரத் தொகுப்புகள் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகத்திலும், திருச்சியில் ராபினாட் உலர்தாவரகத்திலும் இருக்கின்றன. ஒரு செடியின் மிகப் பழைய அட்டை எது என்று தேடினால் அதன் வருகைக்காலம் ஓரளவு பிடிபட்டுவிடும். ராபினாட் உலர்தாவரகத்தை வளர்த்தெடுத்த இயேசு சபைத் துறவி கே.எம். மேத்யூ, போடிக்கு அண்டை மலையான கோடைக்கானலின் அயல் தாவரங்களைப் பற்றி மட்டுமே 1969-இல் ஒரு புத்தகம் அளவுக்கு எழுதினார். மலையின் செடிகளை ஆராயப் போனவர், வந்தேறிகளுக்கென்றே இருநூறு பக்கத்துக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது.

உலகின் பல மலைப்பகுதிகளைச் சேர்த்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. எல்லா மலைகளிலும் ஒரே கதை: அடிவாரத்தில் அயல் இனங்கள் நிறைய, மேலே போகப்போகக் குறைவு. உச்சியில் இருக்கும் அயல் இனங்கள் பெரும்பாலும் அடிவாரத்திலும் வாழ்பவை. காரணம் எளிது. செடிகள் துறைமுகத்தில் இறங்கி, சமவெளி ஊர்களில் ஊன்றி, சாலையைப் பிடித்து மேலே ஏறுகின்றன. வெயிலையும் குளிரையும் ஒருசேரத் தாங்குகிறவை மட்டுமே உச்சி சேர்கின்றன. உயரம் ஒவ்வொரு படியிலும் சலித்து எடுக்கிறது.

போடிமெட்டு அமைந்த ஏலமலையில் இந்தக் கதை பாதிதான். இங்கே கீழ்வாசலைப் போலவே மேல்வாசல் ஒன்றும் உண்டு. தேயிலையும் காபியும் பயிரிட வந்தவர்கள் குளிர்நாட்டு மரங்களை அடிவாரத்தில் பழக்காமல் நேராக உச்சியில் கொண்டுபோய் நட்டார்கள். ஆகவே சரிவுக்கு இரண்டு பக்கமிருந்தும் செடிகள் வருகின்றன: கீழிருந்து ஏறுபவை, மேலிருந்து இறங்குபவை. இரண்டுக்கும் குணம் வேறு, வாகனம் வேறு, ஆகவே மருந்தும் வேறு.

கீழ்வாசலில் முதல் ஆள் சீமைக்கருவேலம். 1877-இல் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் விரும்பியே இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரம் இது. இதன் காய் இனிப்பாக இருக்கும். ஆடு விரும்பித் தின்னும். சதையும் தோலும் செரித்துவிடும். கல்போன்ற விதை மட்டும் செரிக்காது. ஆட்டின் வயிற்று அமிலம் விதையின் கடின உறையைக் கொஞ்சம் அரித்துவிடுவதால், புழுக்கையோடு வெளியே வரும் விதை, மரத்தடியில் விழுந்த விதையைவிட நன்றாக முளைக்கும். தேனி மாவட்டத்தில் அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவது வழக்கம். ஒரே இரவில் நிலத்துக்கு எருவும் கிடைக்கிறது, சீமைக்கருவேலத்துக்கு விதைப்பும் நடந்துவிடுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சுரங்கம் தோண்டியவர்கள் இதற்கு நெருங்கிய உறவான மரம் ஒன்றின் வேரைத் தரைக்கு 53 மீட்டர் கீழே கண்டார்கள். சென்னை அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடமும் ஏறக்குறைய அதே உயரம்தான். வறட்சியை இந்த மரம் ஏன் பொருட்படுத்துவதில்லை என்று இப்போது புரியும். ஆனால் குளிரும் ஈரமும் இதற்கு ஆகாது. மலையேற ஏற இது பின்தங்கிவிடுகிறது.

அடுத்தது பார்த்தீனியம். 1950-களில் பூனா வட்டாரத்தில் கண்ணில் பட்டு, சில பத்தாண்டுகளில் நாடு முழுவதும் பரவிய செடி. முழங்கால் அளவோ இடுப்பளவோதான் வளரும். ஆனால் ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை தரும். 2011 கணக்கெடுப்பில் போடி நகரின் மக்கள்தொகை முக்கால் லட்சம். ஆறே செடிகளின் விதை இருந்தால் போடியில் ஆளுக்கொன்று கொடுத்து மீதமும் இருக்கும். போதாததற்கு, தன் வேரிலிருந்தும் உதிர்ந்த இலையிலிருந்தும் பார்த்தீனின் முதலான வேதிப்பொருள்களை மண்ணில் கசியவிட்டு, பக்கத்துச் செடிகளின் விதைகளை முளைக்கவிடாமல் தடுக்கிறது. செடிக்குச் செடி நடக்கும் இந்த வேதிப்போருக்கு வேதித்தடுப்பு என்று பெயர்.

இவ்வளவு விதையையும் மலைமேல் ஏற்றுவது யார்? காற்று ஓரளவு ஏற்றும். ஆனால் பெரிய சுமைதூக்கி வாகனம்தான். ஜெர்மனியின் பெர்லின் நகரில் இரண்டு ஆய்வாளர்கள் இதை அளக்க ஓர் அருமையான வழி கண்டுபிடித்தார்கள். நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதைக்குள் விதைப்பொறி வைத்தார்கள். சுரங்கத்துக்குள் செடி கிடையாது, பறவை வராது. அங்கே விழும் விதை வண்டியிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும். 2007-இல் வெளியான முடிவு: 204 இனங்களின் விதைகள், அவற்றில் பாதி அயல் இனங்கள். இப்போது போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளை நினைத்துப் பாருங்கள். நாள் தவறாமல் ஏறி இறங்கும் அந்தச் சக்கரங்களின் சேற்றில் என்னென்ன விதைகள் பயணம் செய்கின்றனவோ!

சக்கரம் மட்டுமா? தோட்ட வேலை முடிந்து வருபவரின் சேலைக் கரையைப் பாருங்கள். கறுப்பு ஊசிபோல விரல்நக நீள விதைகள் வரிசையாகக் குத்தி நிற்கும். பைடன்ஸ் என்ற வெப்பமண்டல அமெரிக்கச் செடியின் விதை அது. ஒன்றைப் பிடுங்கிக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் அதன் நுனியில் இரண்டோ மூன்றோ மஞ்சள் கொம்புகள் தெரியும். ஒவ்வொரு கொம்பிலும் பின்னோக்கி வளைந்த நுண்முட்கள். உள்ளே போகும்போது வழிவிடும்; வெளியே இழுத்தால் மாட்டிக்கொள்ளும். தூண்டில்முள் செய்யும் வேலையை அரை அங்குலத்துக்கும் குறைவான ஒரு விதை செய்கிறது. வேலைமுடிந்த அலுப்பில் வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிகிறோம் அல்லவா, அங்கேதான் அது முளைக்க நினைத்தது.

கீழ்வாசல் செடிகளில் மலைமேல் வரை போய்ச்சேரும் திறமை அதிகம் வாய்ந்தது உண்ணிச்செடி என்ற லந்தானா. சமவெளியிலும் வாழும், இரண்டாயிரம் மீட்டர் உயரம் வரையிலும் தாங்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்தது. அதற்கு முன்பே ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பல லந்தானா இனங்களைக் கண்ணாடி வீடுகளில் ஒன்றோடொன்று கலந்து, புதுப்புது நிறங்களை உண்டாக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்று அறுநூறுக்கு மேற்பட்ட ரகங்கள் கணக்கில் இருக்கின்றன. நம் காட்டில் இருப்பது ஒரே தூய இனம் அன்று. கலப்பில் பிறந்து, சிலவற்றில் குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்குப் பதில் மூன்று, நான்கு என்று பெருகிய ஒரு கூட்டம். இந்தப் பலவகைக் கலப்புதான் வெயில், நிழல், குளிர், வறட்சி எதற்கும் ஈடுகொடுக்கும் வல்லமையை அதற்குத் தந்திருக்கிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டரை உண்ணிச்செடி பிடித்திருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்.

அந்தச் செடியின் ஒரு பூங்கொத்தை நிதானமாகப் பாருங்கள். நடுவில் மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு. இரண்டு வகைப் பூ என்று தோன்றும். ஒரே பூதான், வயதுதான் வேறு. கொத்தின் வெளிவட்டம் முதலில் மலர்ந்து, பிறகு உள்வட்டங்கள் மலரும். புதிதாக மலர்ந்தது மஞ்சள். அதில்தான் தேன் இருக்கும். மகரந்தச் சேர்க்கை முடிந்த பூ அந்தோசயனின் என்ற நிறமியைச் சுரந்து சிவப்பாகிறது. மகரந்தச் சேர்க்கைதான் இந்த நிறமாற்றத்தைத் தூண்டுகிறது என்பதையும், இலைப்பேன் என்ற மிகச்சிறு பூச்சி மஞ்சள் பூவையே நாடுகிறது என்பதையும் டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எச்.ஒய். மோகன் ராமும் உடன் ஆய்வாளரும் 1978-இல் எழுதினார்கள். வேலை முடிந்த பூவைச் செடி ஏன் உதிர்க்காமல் வைத்திருக்கிறது? தூரத்திலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சிக்குக் கொத்து பெரிதாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் வந்ததும் தேனுள்ள பூ எது என்று தடுமாறாமல் தெரிய வேண்டும். கடைத்தெருவில் பெரிய பெயர்ப்பலகை வைத்து ஆளை வரவழைத்து, சரக்கு உள்ள அலமாரியை மட்டும் விளக்குப் போட்டுக் காட்டுவதைப் போன்ற ஏற்பாடு இது. பூச்சிக்கு நேரம் மிச்சம், செடிக்கு மகரந்தம் மிச்சம்.

பிறகு காய். பச்சைக் காய் கொத்துக்கொத்தாக நின்று, பழுத்ததும் பளபளவென்று கருநீலமாகும். சின்னான் குருவிகள் அதைத் தின்று, பறந்து போய் ஏதாவது கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். காட்டு மரங்களின் அடியிலும், தந்திக்கம்பிகளுக்குக் கீழேயும் உண்ணிச்செடி வரிசையாக முளைத்திருப்பதற்கு இதுதான் காரணம். இலையில் லந்தாடீன் என்ற நஞ்சு இருக்கிறது. மாடு தின்றால் ஈரல் கெடும். வெயில் பட்ட தோல் புண்ணாகும். ஆகவே விவரமறிந்த மாடு உண்ணியை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள நாட்டுப் புல்லை மேய்கிறது. இப்படி மாடே உண்ணிக்குக் களையெடுத்துக் கொடுக்கிறது.

வெட்டினாலும் சாகாது. மண்மட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துத் துளிர் வரும். இதற்கு ஓர் எளிய தீர்வைத் தாவரவியலாளர் சி.ஆர். பாபுவும் அவர் குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டி, 2009-இல் எழுதினார்கள். மறுதுளிர் விடும் மொட்டுகள் எல்லாம் தண்டும் வேரும் கூடும் இடத்தில், மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் மட்டுமே இருக்கின்றன. அதற்குக் கொஞ்சம் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டால் போதும். மண்ணைத் தொடாத அடிக்கட்டை காய்ந்துவிடும். புல்டோசர் வேண்டாம், விஷமருந்து வேண்டாம். எங்கே வெட்டுவது என்பது தெரிந்தால் ஒரு மண்வெட்டி போதும்.

இனி மேல்வாசல். 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடத் தொடங்கியது. முதலில் ஒற்றைத் தண்டவாளம், 1908-இல் குறும்பாதை. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து கம்பிவடத்தின் வழியாக மலைச்சரிவில் தொங்கியபடியே கொட்டகுடிக்கு வந்து, போடி வழியாகக் கடலுக்குப் போயின. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை இருந்த இடம் தெரியாமல் அடித்துக்கொண்டு போய்விட்டது. மரங்கள் தங்கிவிட்டன. தேயிலைக்கு நிழல் தரச் சில்வர் ஓக், தேயிலை உலர்த்த விறகுக்கு யூகலிப்டஸ், தோல் பதனிடும் பட்டைக்கு வாட்டில்.

இவற்றில் சில்வர் ஓக் பெரும்பாலும் நட்ட இடத்தில் நிற்கிறது. மிளகுக்கொடிக்குத் தோள் கொடுக்கிறது. வாட்டில் அப்படி இல்லை. அது வேரில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் மரம். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் மலையுச்சிப் புல்வெளி சத்துக்குறைந்த மண்ணிலேயே வாழப் பழகியது. மண்ணின் தன்மை மாறினால், மேலே நிழலும் விழுந்தால், புல்லுக்கு அங்கே வேலையில்லை. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே இயற்கைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்கிட்டார்கள். அந்த இடங்களில் வந்து உட்கார்ந்தவற்றில் அயல்மரத் தோப்புகளின் பங்கு பெரிது.

வாட்டிலை வெட்டினால் தீர்ந்ததா என்றால், இல்லை. அதன் விதை மண்ணுக்குள் 50 ஆண்டுகள் வரை உயிரோடு தூங்கும். மண்ணுக்குள் முளைக்காமல் காத்திருக்கும் இந்த இருப்பை விதை வங்கி என்கிறார்கள். அதே புல்வெளியில் வாழும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030. ஒரு வாட்டில் விதை நான்கு குறிஞ்சிப் பூப்புகளைக் கண்ணை மூடியபடியே கடந்துவிடும். காட்டுத்தீ வந்தால் சூட்டில் விதையுறை வெடித்து, மொத்தமாக விழித்துக்கொள்ளும். ஆகவே தோப்பை ஒரே மூச்சில் மொட்டையடிப்பது வாட்டிலுக்குப் புதிய பயிர் வைப்பதற்குச் சமம். இதில் இன்னொரு வியப்பு: பழனி மலையில் கைவிடப்பட்ட சில வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலைக்காட்டு மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. அந்த இடங்களில் வாட்டிலை மெதுவாக, கன்றுகள் வளர வளர எடுப்பதே நல்லது என்று வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையினர் நெடுங்காலம் வாதிட்டு வந்தார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

காபி மேல்வாசலின் இன்னொரு விருந்தாளி. பயிராக இருக்கும்வரை கண்ணியமான செடி. ஆனால் மரநாய் காபிப்பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குள் போடுகிறது. ஆனைமலைப் பகுதியின் சிதறிய மழைக்காடுகளில் காபிச்செடி இப்படிக் காட்டுச்செடியாகிப் பரவியிருப்பதை 2009-இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. ஏலத்தோட்டங்களில் மைக்கானியா என்ற கொடி தொல்லை தருகிறது. தண்டின் கணு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விடும். களையெடுப்பவர் துண்டு துண்டாக வெட்டிப் போட்டால், ஒவ்வொரு துண்டும் ஒரு நாற்றாகிவிடும்.

சொந்த ஊரில் இந்தச் செடிகள் இப்படி ஆட்டம் போடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மெக்சிகோவில் பார்த்தீனியத்தைத் தின்ன வண்டுகள் உண்டு, நோய்தரும் பூஞ்சைகள் உண்டு. கப்பலேறியபோது செடி வந்தது, எதிரிகள் வரவில்லை. தற்காப்புக்குச் செலவழித்த ஆற்றலை வளர்ச்சிக்கும் விதைக்கும் திருப்பிக்கொள்ள முடிந்தது. அப்படியானால் எதிரியையும் வரவழைத்தால்? அதற்குப் பெயர் உயிரியல் கட்டுப்பாடு. உலகில் அது தொடங்கிய கதையிலேயே நம் நாட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் பட்டாளத்துச் செஞ்சட்டைக்குச் சாயம் தேவைப்பட்டது. சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை நசுக்கினால் அந்தச் சிவப்பு கிடைக்கும். சென்னை சைதாப்பேட்டையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குப் பூச்சி வந்து இறங்கியது. வந்தது சாயம் தரும் உயர்ந்த இனம் அன்று; அதன் உறவுக்காரப் பூச்சி. சாயத் தொழில் படுத்தது. ஆனால் அந்தப் பூச்சி வட இந்தியாவில் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்து 1830-களில் தென்னிந்தியாவுக்கும், 1860-களில் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். களைச்செடியை ஒழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியை வேண்டுமென்றே அனுப்பியது உலகிலேயே அதுதான் முதல்முறை. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனம் இங்கே வந்தது. தமிழகத்தின் வறண்ட நிலங்களை மூடிக் கிடந்த இன்னொரு வகைக் கள்ளியைச் சில ஆண்டுகளில் அடக்கியது. இன்றும் சப்பாத்திக்கள்ளி மட்டையில் பஞ்சுபோல வெள்ளைத் திட்டு கண்டால், ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். குங்குமச் சிவப்பாக வரும்.

எல்லாம் இப்படி வெற்றியாகவில்லை. பார்த்தீனியத்துக்காக மெக்சிகோ வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. நன்றாகவே தின்றது. சில ஆண்டுகளில் அது சூரியகாந்தி இலையையும் கடிப்பதாகச் செய்தி வந்து விவசாயிகள் பதறிப்போனார்கள். ஆராய்ந்தபோது, காற்றில் பறந்த பார்த்தீனிய மகரந்தம் சூரியகாந்தி இலையில் படிந்திருந்த இடத்தைத்தான் வண்டு கடித்திருந்தது தெரிந்தது. சோற்றுக்காகத் தட்டையும் கடித்த வண்டு! மைக்கானியாவுக்காக டிரினிடாட்டிலிருந்து ஒரு துருப்பூஞ்சையைக் கொண்டுவந்து 2006 வாக்கில் கேரளத்திலும் அசாமிலும் விட்டார்கள். அது இங்கே வேரூன்றவில்லை. அதே பூஞ்சை தைவானிலும் பப்புவா நியூகினியிலும் நிலைத்துவிட்டது.

போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அன்று. ஏலக்காய் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தச் செடி. முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் அதைக் குவாதமாலாவுக்குக் கொண்டுபோய் ஊன்றினார். இன்று உலகில் மிக அதிகமாக ஏலக்காய் விளையும் நாடு குவாதமாலா. போடி ஏலமையத்தில் விலை கேட்பவர்கள் அந்நாட்டு விளைச்சலையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள். அமெரிக்கக் கண்டத்தின் உண்ணியும் பார்த்தீனியமும் இங்கே. நம் ஏலம் அங்கே.

தமிழ்நாடு அரசு 2022-இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்கும் தனிக்கொள்கை வெளியிட்டிருக்கிறது. அகற்றும் செடியைப் பயனாக்கும் வேலையும் நடக்கிறது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடித் தண்டை வளைத்து, உயிருள்ள யானையின் அளவிலேயே யானைகள் செய்து லண்டன், அமெரிக்கா வரை அனுப்பியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கைவினையின் வேகத்துக்கும் விதையின் வேகத்துக்கும் உள்ள இடைவெளி பெரிது. எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் முக்கியம்.

இதற்கு 1988-இல் இரண்டு தாவரச் சூழலியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டிய ஒரு விடை இருக்கிறது. நம் கை இயல்பாகப் பெரிய புதரை நோக்கித்தான் போகும். அது தவறு. ஒரு பெரிய புதர் தன் விளிம்பில் மட்டுமே வளரும். தொலைவில் விழுந்த நூறு சிறு செடிகள் நூறு புதிய விளிம்புகள். சேர்த்துப் பார்த்தால் அவைதான் வேகமாக இடம்பிடிக்கும். ஆகவே உதிரிகளை முதலில் எடுக்க வேண்டும், தாய்ப்புதருக்குக் கடைசியில் வரலாம்.

இதைப் போடிமெட்டுச் சரிவில் பொருத்திப் பார்த்தால் வேலை தெளிவாகிறது. அடிவாரத்துச் சீமைக்கருவேலக் காட்டையும் உச்சியின் வாட்டில் தோப்பையும் ஓரிரு ஆண்டுகளில் யாராலும் துடைத்துவிட முடியாது. ஆனால் கீழிருந்து ஏறுவதும் மேலிருந்து இறங்குவதும் இன்னும் முழுதாகக் கைகோத்துவிடாத நடுச்சரிவு ஒன்று இருக்கிறது. குரங்கணிப் பக்கத்துப் புல்வெளியும், பாறையிடுக்கு மரங்களும், ஓடைக்கரைகளும் அங்கே இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில், காட்டுப்பாதையின் தொடக்கத்தில், தனித்தனியாகத் தலைகாட்டும் செடிகளை ஆண்டுதோறும் எடுத்தால் அந்த நடுச்சரிவைக் காப்பாற்றலாம். வனத்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து முதலில் செலவிட வேண்டிய இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. மலைக்குப் போகிறவர்கள், ஏறுவதற்கு முன்பே சமவெளியில் செருப்பு, காலுறை, சேலைக் கரை, வண்டிச் சக்கரம் ஆகியவற்றில் ஒட்டிய விதையையும் சேற்றையும் தட்டிவிட்டுப் போங்கள். இறங்கும்போது உடையில் ஒட்டியதைக் காட்டுப்பாதையில் எறியாமல் ஒரு காகிதத்தில் சேர்த்து எரித்துவிடுங்கள். வீட்டுத்தோட்டத்துக்கு லந்தானா வாங்காதீர்கள். பார்த்தீனியத்தைக் கண்டால், மழை பெய்து மண் இளகிய நாளில், பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்குங்கள். பூத்துவிட்டால் அதன் மகரந்தம் மூச்சிரைப்பையும் தோல் அரிப்பையும் உண்டாக்கும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள்.